கையைப் பிடித்துக்கொண்டே இருந்தும் விழுகிறார்கள்: என்ன பயிற்சி கொடுக்கலாம்?

மண்டபம்_பகல்வீடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையம் எங்களுடையது. 9 பேர் வருகிறார்கள், வயது 22 முதல் 46 வரை. உதவியாளர்கள் இரண்டு பேர். நான்கு மாதக் குறிப்பேட்டைப் புரட்டினால் மொத்தம் 14 முறை விழுந்திருக்கிறார்கள். ஒரு மணிக்கட்டு முறிவு, நெற்றியில் ஒரு தையல், மற்றதெல்லாம் சிராய்ப்பு. இந்த 14-ல் 10 முறை விழுந்தது மூன்றே பேர்.

ஒருவர் டவுன் சிண்ட்ரோம், 46 வயது. இரண்டு மாதமாகத் திண்ணையை விட்டு முற்றத்துக்குப் போகும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறார். அங்கே படிகூடக் கிடையாது. சிவப்புத் தரை முடிந்து வெள்ளை டைல்ஸ் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஒரு காலை நீட்டிப் பெருவிரலால் டைல்ஸைத் தடவிப் பார்க்கிறார், பிறகு காலை இழுத்துக்கொள்கிறார். கையைப் பிடித்து நகர்த்தினால் தடுமாறி விழுகிறார். முன்பு தானாக ஓடி வந்த இடம் அது.

இரண்டாமவருக்கு 31 வயது, வலிப்பு உண்டு. ஃபெனிடாயின், க்ளோபசாம் சாப்பிடுகிறார். இவர் விழுவதெல்லாம் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில். காலை அகட்டி வைத்து ஆடி ஆடி நடக்கிறார்.

மூன்றாவது, 27 வயதுப் பெண். சிறுவயது முதலே முன்னங்காலில்தான் நடை. குதிகால் தரையில் படாது.

எங்கே போனாலும் உதவியாளர் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகிறார்கள். அப்படியும் விழுகிறார்கள். சமநிலைப் பயிற்சி தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது, வாரத்தில் எவ்வளவு நேரம், சொன்னதைச் செய்யாதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? கடற்கரை 200 மீட்டர் தூரம்தான், மணலில் நடக்கவிடலாமா? பெரிய கருவிகள் வாங்க வசதி இல்லை.

சேதுக்கரை_பிசியோ:

அக்கா, நீங்கள் எழுதிய மூன்று பேருக்கும் மூன்று காரணம். மூவரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து ஒரே பயிற்சி கொடுத்தால் பயன் இருக்காது. அதனால் பயிற்சியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

46 வயதுக்காரருக்கு இப்போதைக்கு எந்தப் பயிற்சியும் தொடங்காதீர்கள். தரையின் நிறம் மாறும் இடத்தில் புதிதாகத் தயங்கினால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும், கருவிழி கூம்பிப்போவதும் உண்டு. அடுத்து தைராய்டு ரத்தப் பரிசோதனை. மூன்றாவது கழுத்து. அவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் இணையும் இடம் தளர்வாக இருக்கக்கூடும். நடை மாறியதோடு கழுத்து வலி, தலையைச் சாய்த்தே வைத்திருப்பது, கைப்பிடி வலு குறைவது, புதிதாகத் துணியிலேயே சிறுநீர் போவது இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். குட்டிக்கரணம், குதிக்கும் விளையாட்டு, தலையை வேகமாகப் பின்னால் வளைப்பது எல்லாம் அவருக்கு அறவே வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால் மறதி நோயின் தொடக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோமில் அது 40-களிலேயே தொடங்கலாம். ஆழத்தைக் கணிக்க முடியாமல் போவதால் நிறம் மாறும் கோடு அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும். பெருவிரலால் தடவிப் பார்க்கிறார் என்று எழுதினீர்களே, பிடிவாதத்தில் செய்வதில்லை அது. தரை இருக்கிறதா என்று சோதிக்கிறார். இழுக்காதீர்கள். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து மூடும்படி ஒரே நிறத்தில், வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம், அது குழியாகத் தெரியும். உண்மையிலேயே படி இருக்கும் இடத்தில் இதற்கு நேர்மாறு: படி விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள்.

31 வயதுக்காரரின் காலை 10 மணிக் கணக்கு மாத்திரையைத்தான் காட்டுகிறது. அதைப் பற்றிச் செவிலியர் யாராவது விவரமாக எழுதுவார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வலிப்பு வந்து விழுவதை எந்தச் சமநிலைப் பயிற்சியும் தடுக்காது. தடுமாறி விழுந்தாரா, வலிப்பில் விழுந்தாரா என்று குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள். விழும்போது கையை ஊன்றினாரா என்பது நல்ல தடயம். ஊன்றாமல் மரம் சாய்வதுபோல் விழுந்து முகத்திலோ பின்மண்டையிலோ அடிபட்டிருந்தால் வலிப்பாக இருக்கலாம். அவருக்குத் தலைக்கவசம் வேண்டும்.

27 வயதுப் பெண்ணுக்குக் கெண்டைக்கால் இறுகியிருக்கும். உட்காரவைத்து முழங்காலை நேராக நீட்டி, பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாகக்கூட வரவில்லையென்றால் நின்று செய்யும் பயிற்சியால் மட்டும் தீராது, எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வருகிறது என்றால் தினமும் நீட்டிவிடுங்கள், 30 விநாடி வீதம் 4 முறை. குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும்படி செருப்புக்குள் சிறு மேடு வைத்தால் நிற்கும் பரப்பு கூடும். அதை மருத்துவரோ பிசியோவோ பார்த்து அளவெடுத்து வைப்பதுதான் நல்லது.

இப்போது அளவு. தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் மூன்று சோதனை எழுதிவையுங்கள். ஒன்று, 45 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி. முதியவர்களிடம் 12 விநாடிக்கு மேல் போனால் விழும் அபாயம் என்று கொள்வார்கள். நம் ஆட்களுக்கு அந்த எண்ணை விட, அவரவருடைய போன மாதக் கணக்கோடு ஒப்பிடுவதுதான் உதவும். இரண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார். மூன்று, நிற்கும் நிலை நான்கு: பாதங்களை ஒட்டி வைத்து, ஒரு பாதம் பாதி முன்னே, குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில், ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் 10 விநாடி. முதல் நாள் எண்ணை நம்பாதீர்கள். புரியாமல் நிற்பதும் முடியாமல் நிற்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு நாள் செய்துகாட்டிப் பழக்கிவிட்டு மூன்றாம் நாள் எழுதுங்கள்.

பயிற்சியின் உயிர்நாடி நீங்கள் தலைப்பிலேயே எழுதியதுதான். கையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உடல் எடை உங்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கணுக்காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையை உங்கள் தோள் செய்கிறது. நாள் முழுக்கப் பிடித்திருக்கும் ஆளுக்கு, கை விட்ட அந்த ஒரு நொடியில் என்ன செய்வதென்று உடலுக்குத் தெரியாது. கையை இப்படிப் படிப்படியாக எடுங்கள். முதலில் நீங்கள் அவரைப் பிடிக்காதீர்கள், அவர் உங்களைப் பிடிக்கட்டும். உங்கள் உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருக்கும், அதன்மேல் அவர் கை. பிறகு உங்கள் இரண்டு விரல் மட்டும். பிறகு ஒரு துண்டின் ஒரு முனை அவரிடம், மறுமுனை உங்களிடம், விறைப்பாக. பிறகு அதே துண்டு தொய்வாக. கடைசியில் துண்டும் இல்லை, இடைவார் மட்டும்.

இடைவார் என்றால் 5 செ.மீ. அகலப் பருத்தி வார், உலோகக் கொக்கி. பை தைக்கும் தையல்காரரிடம் சொன்னால் இரட்டைத் தையல் போட்டுத் தருவார். சட்டைக்கு மேல் இடுப்பில் கட்டி, நான்கு விரல் நுழையும் அளவு இறுக்கம். வலுக்குறைந்த பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வாரைக் கீழிருந்து பிடிக்க வேண்டும். விழும்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் தோள்பட்டை விலகுவதற்குக் காரணம். மூட்டு தளர்ந்த டவுன் சிண்ட்ரோம் ஆட்களுக்கு இது இன்னும் ஆபத்து. முழுதாகச் சாய்ந்துவிட்டால் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். வாரைப் பிடித்தபடி உங்கள் தொடையோடு அணைத்து மெதுவாகக் கீழே இறக்குங்கள்.

ஒரு வகுப்பு 40 நிமிடம், திங்கள், புதன், வெள்ளி. இதோடு தினமும் 10 நிமிடம், பல் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சேர்த்துக்கொண்டால் வாரம் 3 மணி நேரம் ஆகிறது. முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சமநிலையைச் சவாலுக்கு உட்படுத்தும் பயிற்சி வாரம் 3 மணி நேரமாவது இருந்தபோதுதான் விழுவது நன்றாகக் குறைந்தது. உட்கார்ந்தே கைகால் ஆட்டுவதற்கு அந்தப் பலன் இல்லை.

முதல் 5 நிமிடம் நின்ற இடத்தில் நடை. பிறகு எழுந்து உட்காருதல், 8 தடவை வீதம் இரண்டு சுற்று. பாதம் முழங்காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும், எழும்போது மூக்கு முழங்காலைத் தாண்டி முன்னே வர வேண்டும். இதைச் செய்யாமல் நேராக எழ முயன்றால் தொப்பென்று பின்னால் விழுவார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், டைல்ஸில் கால் பரப்பிக்கொண்டு நழுவும். குதிகால் தூக்குதல் 10 தடவை வீதம் இரண்டு சுற்று. அடுத்த 20 நிமிடம் மேலே சொன்ன நான்கு நிற்கும் நிலைகள், சுவரோரம் பக்கவாட்டு நடை 3 மீட்டர் நான்கு தடவை, தரையில் வைத்த கழியைத் தாண்டுதல், திரும்புதல். திரும்புவதைத் தனியாகப் பழக்குங்கள். ஒரே காலில் சுழன்று திரும்பும்போது கால் பின்னிக்கொண்டு விழுகிறவர்கள் நிறைய. ஆறேழு குட்டி அடிகளாக வைத்துத் திரும்பச் சொல்ல வேண்டும். கழியை எதிலும் கட்டிவைக்காதீர்கள். கால் பட்டால் உருண்டு போக வேண்டும்.

10 தடவையில் 8 தடவை தடுமாறாமல் செய்தால், அடுத்தடுத்த இரண்டு வகுப்பிலும் அப்படியே செய்தால், அப்போது அடுத்த படி. 10-க்கு 10 சரியாக வந்துகொண்டே இருந்தால் அது அவருக்கு ரொம்பச் சுலபம், பயிற்சியாகாது. பாதிக்குப் பாதி கால் மாறினால் கடினம், ஒரு படி இறங்குங்கள்.

கீழக்கரை_சிறப்பாசிரியை:

அக்கா, கற்றுக்கொடுக்கும் முறை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"நேரா நில்லுங்க, கீழ பாக்காதீங்க, கால ஒட்டி வைங்க" என்று ஒரே மூச்சில் மூன்று சொன்னால் ஒன்றும் போய்ச் சேராது. ஒரு செயலுக்கு ஒரே சொல். இரண்டு உதவியாளரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் "தூக்கு", இன்னொருவர் "எடு" என்றால் அவருக்கு அது இரண்டு வேலை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு 10 விநாடி காத்திருங்கள். நமக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும். மூன்றாம் விநாடியிலேயே மறுபடி சொன்னால் அவர் மனசுக்குள் தொடங்கிய வேலை கலைந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

சொல்வதைவிடச் செய்துகாட்டுவது மேல். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்று, அவர் பார்க்கும் திசையையே பார்த்துச் செய்துகாட்டுங்கள். எதிரே நின்றால் உங்கள் இடது அவருக்கு வலது. அதில் குழம்புகிறார்கள்.

பாதங்களை எங்கே வைப்பது என்பதற்குத் தரையில் பாதச் சுவடு வரையுங்கள், இடதுக்குச் சிவப்பு, வலதுக்கு மஞ்சள். நம் கடலோர ஈரத்தில் ஒட்டும் டேப் ஒரு வாரம்கூடத் தாங்காது, ஓரம் எழும்பிக் காலைத் தடுக்கும். அதனால் சிமெண்ட் தரையில் பெயிண்ட், இல்லாவிட்டால் கனமான ரப்பர் விரிப்பில் வரைந்து விரியுங்கள். பழைய பிளெக்ஸ் பேனரில் வரைகிறார்கள் சிலர். சொட்டுத் தண்ணீர் பட்டாலே அது வழுக்கும், வேண்டவே வேண்டாம். முதலில் இரண்டு சுவடுக்கும் நடுவில் 20 செ.மீ., பிறகு 10, பிறகு ஒட்டி.

10 விநாடி என்பது அவர்களுக்குப் பொருளில்லாத எண். பத்துச் சிப்பியை ஒரு தட்டில் வைத்து, நிற்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். கடைசிச் சிப்பி விழும்வரை நிற்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, டங்கென்று காதிலும் விழுகிறது. இரண்டு சிப்பியில் தொடங்குங்கள். பாராட்டு அந்த நொடியே வர வேண்டும். வகுப்பு முடிந்து மிட்டாய் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று தெரியாது.

9 பேரை வரிசையில் நிறுத்தினால் காத்திருப்பவர் உட்கார்ந்துவிடுவார், அல்லது பக்கத்தில் இருப்பவரைத் தள்ளுவார். மும்மூன்று பேராகப் பிரியுங்கள். ஒரு உதவியாளரிடம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நின்று செய்ய வேண்டும். மற்ற இருவரும் உட்கார்ந்து பந்து உருட்டுவது, கொஞ்சம் சாய்ந்தால்தான் எட்டும் தூரத்தில் வைத்த ஓலைக் கொட்டானை எட்டி எடுப்பது மாதிரி வேலையில் இருக்கட்டும். இரண்டு உதவியாளரிடம் ஆறு பேர். மீதி மூவர் அந்த நேரம் உள்ளே வேறு ஒருவர் கண்காணிப்பில் பூத் தொடுக்கலாம், படம் வரையலாம். பிறகு சுற்று மாறலாம். மூன்றாவது ஆள் கிடைக்காத நாளில் மூன்று பேருக்கு மட்டும் நடத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விழாமல் இருக்கட்டும் என்று துண்டாலோ சேலையாலோ நாற்காலியோடு கட்டிவைக்கும் வழக்கம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் உயிர்விட்டார்கள். நம் கரையில் நடந்தது அது. ஆபத்து வந்தால் கட்டிவைத்த ஆளுக்கு வழியில்லை. அது ஒரு பக்கம் இருக்க, கட்டிவைத்தால் சில வாரங்களிலேயே தொடை தளர்ந்து, அவிழ்த்துவிட்ட அன்று முன்னைவிடச் சீக்கிரம் விழுவார். பெற்றோர் கூட்டத்தில் இதைத் தயங்காமல் பேசுங்கள்.

நர்ஸம்மா_திருப்புல்லாணி:

31 வயதுக்காரர் பற்றி. காலை மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டு, விழுந்த நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அகட்டிய நடை, குழறும் பேச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது கருவிழி படபடவென்று துடிப்பது மூன்றும் சேர்ந்தால் ஃபெனிடாயின் ரத்தத்தில் கூடிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் அளவு மடமடவென்று ஏறிவிடும். ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு பார்க்கச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். க்ளோபசாம் தூக்கக் கலக்கம் தரும், அதனாலும் தடுமாறலாம். வருடக்கணக்கில் வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கு வைட்டமின் டி குறையும், எலும்பு மெலியும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பி.பி. இரண்டு தடவை எடுங்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒன்று, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழும்போது தலைசுற்றி விழுகிற ஆள் அவர். ரிஸ்பெரிடோன் மாதிரி மனநல மருந்து சாப்பிடுபவர்களிடம் இதைப் பார்க்கலாம். அவர்களுக்கு உடம்பு விறைத்துக் காலைத் தேய்த்து நடப்பதும் வரும். அந்த விறைப்புக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் சாப்பிடுபவருக்கு வியர்வை குறையும், வெயிலில் பயிற்சி கூடாது.

பயிற்சியில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டு. கையில் சாவி, இரும்பு வேண்டாம். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

வீட்டிலேயே இருக்கும் ஆட்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மண்டபம்_பகல்வீடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருத்துவர்களைப் பார்க்க இந்த வாரமே ஏற்பாடு செய்கிறோம். கீழக்கரை லாத்தா, உங்கள் சிப்பி யோசனை ரொம்பப் பிடித்தது. இரண்டு கேள்வி பாக்கி. மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், விழுந்தவர்களை எழுப்பும்போது உதவியாளருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. 80 கிலோ ஆள் ஒருவர் இருக்கிறார்.

பாம்பன்_கரைவலை:

மணல் நல்ல பயிற்சித் தரைதான். எந்த மணல், எந்த நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அலை வந்து போன ஈர மணல் இறுகி இருக்கும், அதில் தொடங்குங்கள். மேலே இருக்கும் உதிரி மணல் ஒவ்வொரு அடிக்கும் பாதத்துக்குக் கீழே நகரும். கெண்டைக்கால் சீக்கிரம் களைக்கும், களைத்த காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள். திண்ணையில் குதிகால்–விரல் கோட்டில் 10 விநாடி நிற்கக்கூடியவரை மட்டும் மணலுக்குக் கூட்டிப்போங்கள். முதல் வாரம் ஈர மணலில் 5 நிமிடம், பிறகு 10. உதிரி மணல் ஒரு மாதம் கழித்து, அதுவும் 2 நிமிடம். குதிகால் படாத அந்தப் பெண்ணுக்கு உதிரி மணல் வேண்டாம். முன்பாதம் புதைந்து உடல் முன்னால் சாயும்.

கரை சரிவாக இருக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். கடலை வலப்பக்கம் வைத்து நடந்தால் வலது கால் தாழ்வு, இடது கால் மேடு. போன தூரமே திரும்பி வர வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் சரியாகும். இடுப்பு வலி, கால் நீளக் குறைவு உள்ளவருக்குச் சமதரையான இடம் பாருங்கள்.

காலை 7 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். நடக்கும் 30 மீட்டரை முதலில் ஒரு ஆள் போய் அரித்துப் பார்க்க வேண்டும். தூண்டில் முள், நைலான் வலைத் துண்டு, உடைந்த பாட்டில், சீமைக்கருவேல முள், பனை மட்டைக் கருக்கு, ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீன் (ஜெல்லி மீன்). வலைத் துண்டு பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், கட்டைவிரலில் மாட்டினால் ஆளைச் சாய்த்துவிடும். முடிந்து வந்ததும் காலைக் கழுவி உள்ளங்காலைப் புரட்டிப் பாருங்கள். வலி என்று சொல்லத் தெரியாதவர்கள் முள்ளோடு இரண்டு நாள் நடப்பார்கள்.

வலிப்பு உள்ளவரோடு நடக்கும் உதவியாளர் கடல் பக்கம் நடக்க வேண்டும். கணுக்கால் நனையும் தண்ணீரில்கூட விடாதீர்கள். பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கிறதே என்று நம்ப வேண்டாம், முகம் குப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீர் போதும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கரைப் பக்கம் மணல் கண்ணில் அடிக்கும். அந்த மாதங்களில் முற்றத்திலேயே செய்யுங்கள்.

மணலில் வெறுங்கால். மையத்துக்குள் ஹவாய் செருப்பு வேண்டாம், அதைப் பிடித்து வைக்கவே விரல்களை மடக்கி நடப்பார்கள். குதிகால் பட்டை உள்ள செருப்பு வாங்குங்கள். கைலி, நைட்டி தரையைத் தொடக் கூடாது, கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

கழிப்பறைக் கைப்பிடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் போட்டால் நம் உப்புக்காற்றில் திருகாணியோடு இற்றுவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். கம்பியும் திருகாணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், விட்டம் 32 முதல் 38 மி.மீ. மாதம் ஒருமுறை முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். தரைப் பாசியை வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து நன்றாக அலசிவிடுங்கள்.

கருவி வாங்க வசதி இல்லை என்றீர்கள். 14 மி.மீ. படகுக் கயிறு 5 மீட்டர் போதும். இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே 3 மீட்டருக்கு விறைப்பாகக் கட்டுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். அதுதான் உங்கள் கைப்பிடி. சுவர்க் கம்பியைவிடக் கயிறு மேல், ஏனென்றால் தொய்வைக் கூட்டலாம்.

சேதுக்கரை_பிசியோ:

கயிறு அருமையான யோசனை. அண்ணன் சொன்ன தொய்வுக்குக் கணக்கு: நடுவில் அழுத்தினால் 5 செ.மீ. இறங்கும்படி இரண்டு வாரம், பிறகு 10, பிறகு 20. புது நைலான் கயிறு பாரம் பட்டதும் நீளும், அதனால் முதல் நாளே மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். உப்பில் காய்ந்த கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும், நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எழுப்புவதற்கு வருகிறேன். 80 கிலோ ஆளை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது அவருக்கும் கெடுதல், தூக்குபவருக்கும் கெடுதல். அவரே எழக் கற்றுக்கொடுங்கள், பின்னாலிருந்து முன்னால். முதலில் கடைசிப் படி: சுவரோடு ஒட்டிய நாற்காலியின் முன் ஒரு முழங்கால் தரையில், ஒரு பாதம் ஊன்றி, இரண்டு கையும் நாற்காலி இருக்கையில். அங்கிருந்து தள்ளி எழுந்து உட்காருவதை மட்டும் ஒரு வாரம். அது வந்ததும் இரண்டு முழங்காலும் தரையில் இருக்கும் நிலையிலிருந்து. அடுத்து நாலு காலில் தவழும் நிலையிலிருந்து. அடுத்து ஒருக்களித்துப் படுத்த நிலையிலிருந்து. ஒவ்வொரு வாரமும் எழுந்து உட்கார்ந்த வெற்றியோடு முடிவதால் சலிக்காமல் செய்வார்கள். முழங்காலுக்குக் கீழே பழைய மெத்தையை மடித்துப் போடுங்கள். நிஜமாக விழுந்த நாளில் உடனே எழுப்பாதீர்கள். ஒரு நிமிடம் கிடக்கட்டும். கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அப்படித் திரும்பியிருந்தால் தொட வேண்டாம், 108 வரட்டும்.

மண்டபம்_பகல்வீடு:

கயிறு கட்டியாயிற்று. விறைப்பாக இருக்கும்போது நன்றாக நடக்கிறார்கள். தொய்வு விட்டதும் இரண்டு பேர் கயிற்றில் முழு எடையையும் போட்டுத் தொங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பாம்பன்_கரைவலை:

தொய்வை விடுங்கள், கயிற்றை மறுபடி விறைப்பாகக் கட்டுங்கள். 30 செ.மீ.க்கு ஒன்று வீதம் சிவப்புத் துணியைக் கயிற்றில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். துணி இருக்கும் இடத்தில் மட்டும் தொடலாம், அதுவும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். துணிக்கும் துணிக்கும் நடுவில் கை காற்றில் இருக்கும். பழகியதும் ஒன்றுவிட்டு ஒன்று அவிழ்த்தால் இடைவெளி 60 செ.மீ. பிறகு ஒரு மீட்டர். அந்த இடைவெளியில் வைக்கும் இரண்டு அடி அவர்களுடைய சொந்த அடி. இடைவார் பிடித்த ஆள் பின்னால் இருக்க வேண்டும், எந்த நேரமும். வகுப்பு முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வையுங்கள். குனிந்து வருகிறவர் கழுத்தில் மாட்டும்.

மண்டபம்_பகல்வீடு:

சரி அண்ணே, நாளைக்குத் துணி கட்டிவிடுகிறோம். அந்த இருவரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது என்று வீட்டில் சொல்கிறார்கள். கயிறும் பச்சைதான்.

கீழக்கரை_சிறப்பாசிரியை:

அப்படியென்றால் வெள்ளைத் துணி கட்டுங்கள் அக்கா, நல்ல தடிமனாக. நிறம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் வித்தியாசம் தெரியும், விரலுக்கும் தடிப்பு தட்டுப்படும்.